அமைதிக்கோடு

என் தம்பியைக் கொன்றவனுக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

'கொன்றவன்' என்ற சொல் சரியா என்று எனக்கே சந்தேகம் உண்டு. தீர்ப்பில் 'கவனக்குறைவால் நேர்ந்த மரணம்' என்றுதான் இருந்தது. பூபதி பால் வண்டி ஓட்டியவன். அந்த வண்டிகளைத் தானாகவே ஓட்டும் தானோட்டி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முன்னால் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் தானோட்டி தெருநாய்க்கெல்லாம் நின்று நின்று போகிறது, பால் திரிந்துவிடுகிறது என்று அதை அணைத்துவிட்டு அவனே ஓட்டினான். ஒண்டிப்புதூர் மேம்பாலத்துக்குக் கீழே பஞ்சர் கடையில் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்த சஞ்சித்தின்மேல் ஏற்றிவிட்டான். சஞ்சித் அப்போது கல்லூரி முதல் வருடம். பூபதிக்கு ஏழு வருடம் சிறை.

பாதித் தண்டனை கழிந்த பிறகு, இறந்தவரின் வீட்டார் மன்னித்துவிட்டால் கைதி வெளியே வரலாம் என்பது இணக்கச் சட்டம். வாயால் சொன்னால் போதாது. ஆரம்பத்தில் வாயால் சொன்னால் போதும் என்றுதான் வைத்திருந்தார்களாம். மிரட்டியும் கெஞ்சியும் ஊர்ப் பெரிய மனிதர்களை அனுப்பியும் சொல்ல வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தணிமானி வந்தது. உள்ளங்கையில் ஒரு பட்டை, தொண்டையில் ஒரு பட்டை. நடந்ததை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். மனதில் வன்மம் தணிந்திருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் அதில் உட்கார வேண்டும். எல்லாருக்கும் பச்சை என்றால் விடுதலை. எல்லாருக்கும் சிவப்பு என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். ஆளுக்கொரு நிறமாக வந்தால் நீதிபதி நேரில் கூப்பிட்டுக் கேட்பார். ஒருவர் உட்காராவிட்டால்கூடக் கோப்பு நகராது. எங்கள் வீட்டில் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். மிச்சம் அம்மாவும் நானும். அம்மா உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டாள். நான் உட்காரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் படித்துக்கொண்டிருந்ததே தணிமானி இயக்குவதற்குத்தான். பகலில் சிங்காநல்லூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் பாலிடெக்னிக்கில் வகுப்பு. முடித்தால் அரசு மையத்தில் அதை இயக்கும் வேலை கிடைக்கும் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சமையலறையில் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரசத்துல எனக்கும் கொஞ்சம் வைம்மா."

"உனக்குத் தனியா இருக்குது கண்ணு. இது மொளகு போடாத ரசம். அந்தப் பையனுக்கு மொளகு ஆகறதில்லையாம்."

மிளகு எனக்கும் ஆகாது. சின்ன வயதிலிருந்தே வயிறு எரியும். அதை அம்மாவிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக நினைவில்லை. சொல்லாமலேயே தெரிந்துகொள்ளாததற்காக அவள்மேல் கோபப்பட்டேன்.

"நீ எப்ப உக்காரப் போற?" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"உக்காந்தா எனக்குச் செவப்புத்தான் வரும். பரவால்லயா?"

"வந்தா வரட்டும். நீ உக்காந்தாத்தான் என்னோடதையும் பிரிச்சுப் பாப்பாங்களாம். அது பாட்டுக்கு மூடிக் கெடக்குது."

அம்மாவுக்குப் பச்சைதான் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருவருடைய முடிவு அவருக்கு மட்டும்தான் சொல்லப்படும். நான் கேட்கவும் இல்லை. மிளகில்லாத ரசம் வைத்துக் கொடுப்பவளுக்கு வேறென்ன வரும்?

அவனை உள்ளேயே வைத்திருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பில் அப்போது அமைதிக்கோடு பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆசிரியை நஸ்ரின் மேடம் பல வருடம் மையத்தில் கருவியை இயக்கியவர்.

"இந்தக் கருவிக்கு ஒருத்தருக்கு எவ்வளவு கோபம்னு தெரியாது," என்றார். "வித்தியாசம்தான் தெரியும். காய்கறிக் கடைத் தராசு மாதிரி. வெறும் தட்டை வெச்சு முதல்ல சுழியம் பண்ணிக்கணும். அதுக்குத்தான் அமைதிக்கோடு. மனசுல துளிகூட வன்மம் இல்லாத ஒரு ஆளோட பேரைச் சொல்லச் சொல்லணும். அப்ப விழற கோட்டை வெச்சுக்கிட்டு, அடுத்தது எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும்."

"எல்லாரும் அம்மான்னுதானே மேடம் சொல்லுவாங்க?" என்றான் திவாகர்.

"முக்கால்வாசிப் பேர் அம்மாதான். ஒருத்தர் அவர் வீட்டுப் பூனை பேரைச் சொன்னார். என் சர்வீஸ்லயே அதுதான் நல்ல கோடு."

எல்லாரும் சிரித்தார்கள். திவாகரை உட்காரவைத்து என்னை இயக்கச் சொன்னார் மேடம். திவாகருக்கு விரல் நடுங்காது. பட்டையை ஒரே தடவையில் கட்டிவிடுவான். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மூன்றாவது தடவை சந்தேகப்படுவேன். மேடம் அவனைப் பாராட்டும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும்.

அமைதிக்கோட்டுக்கு அவன் அம்மா பெயரைச் சொன்னான். கோடு விழுந்தது. பிறகு குற்றத்தைச் சொல்லச் சொன்னேன்.

"நான் லேட்டா வந்ததை இந்த மிருதுளா போய் மேடம்கிட்டப் போட்டுக் கொடுத்தா," என்றான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

பச்சை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. நான் இரண்டு நாள் யோசித்து, குற்ற உணர்ச்சியோடு, வேண்டுமென்றே செய்த காரியம் அது. அவன் அதைத் தூசி தட்டுவதுபோல் தட்டிவிட்டிருந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் அவனே பேச்சை ஆரம்பித்தான். "இன்னும் நீ உக்காரலையாமே?"

"உக்கார மாட்டேன்."

"உக்காராம இருக்கறதும் ஒரு பதில்தான் மிருது. ஆனா அது ஒரு எடத்துலயும் பதிவாகாது. அவன் பாட்டுக்கு, 'பாவம், அந்தப் பொண்ணுக்கு நேரமில்ல போல'ன்னு நெனச்சுக்குவான். அவன் மூஞ்சிக்கு நேரா செவப்பக் காட்டணும்னா உக்காந்துதான் ஆவணும்."

அவன் சொன்னது சரி. அதனாலேயே, அவனுக்குப் பின்னால் வந்து நின்ற பேருந்தில் ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். அம்மா ஆச்சரியப்பட்டாள். வழியில் கேரியரை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். "சூடா இருக்குது, நானே வெச்சுக்கறேன்," என்றாள். அது சூடு பற்றிய பேச்சு இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால் சூடு பற்றிய பேச்சாகவும் இருக்கலாம்.

இறந்தவரின் வீட்டார் கைதியைச் சந்திப்பதற்கென்று சிறையில் தனி அறை இருந்தது. ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், ஓரத்தில் ஒரு காவலர். பூபதி ஒல்லியாக இருந்தான். வழக்கின்போது பார்த்தபோது இருந்த மீசை இப்போது இல்லை. என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவனாக இருப்பான். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு, நடுவில் குழித்து, பருப்பை ஊற்றி, அவன் பக்கம் தள்ளினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக உண்டான்.

"மெதுவா உண்ணு சாமி," என்றாள் அம்மா.

சஞ்சித்தைத்தான் அம்மா 'சாமி' என்பாள். காலையில் எழுப்பும்போது, காய்ச்சலில் கிடக்கும்போது, கல்லூரிக்குக் கிளம்பும்போது. நான் 'கண்ணு.' கீரைக்காரர் பேத்தியும் கண்ணுதான். கடையில் பாக்கெட் பிரித்துக் கொடுக்கும் பெண்ணும் கண்ணுதான்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் விட்டுவிட்டால் மற்றது எதுவும் புரியாது. சஞ்சித் போன சில நாட்களில், அழுது ஓய்ந்த ஒரு மத்தியானத்தில், இனி அம்மாவுக்கு நான் மட்டும்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. உடனே அதை மிதித்துப் போட்டேன். ஆனால் அது சாகவில்லை. அம்மா இனி என்னைத்தான் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து, முகம் கழுவி, சோறு கட்டிக்கொண்டு இவனைப் பார்க்கக் கிளம்பினாள்.

பூபதி என்னை நிமிர்ந்து பார்த்தான். கை சோற்றிலேயே நின்றது.

"ஏனுங்க, நீங்க சஞ்சித்தோட அக்காங்களா?"

"அவன் பேரை நீ சொல்லாத."

"மிருது!" என்று அதட்டினாள் அம்மா. "உண்ணும்போது என்ன பேச்சு அது?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அம்மா அதைத் திரும்ப அவன் பக்கம் தள்ளினாள். என்னை அதட்டிய குரல் அவனிடம் தணிந்தது. "நீ உண்ணு. அவ அப்படித்தான்."

மறுநாளே மையத்தில் போய்ப் பதிவு செய்தேன். எனக்குச் சிவப்பு வரும், அம்மாவுக்குப் பச்சை வரும், நீதிபதி இருவரையும் கூப்பிடுவார். அங்கே அம்மாவும் இவனும் கேட்கும்படி என் தம்பியைப் பற்றி நான் பேசுவேன். என்ன பேசுவது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

மையத்தில் கருவியை இயக்கியவள் என் வயதுப் பெண். பட்டையை இறுக்கமாகக் கட்டினாள். நான் ஒரு துளை தளர்த்தச் சொன்னேன். "நீங்களும் இதே படிப்புங்களா?" என்று சிரித்தாள்.

"அமைதிக்கோட்டுக்கு யாரைச் சொல்றீங்க?"

"அம்மா. கோகிலா."

யோசிக்கவே இல்லை. தேர்வில் கேட்டால் எழுதுவதுபோல் சொன்னேன்.

"சரிங்க. இப்ப நடந்ததைச் சொல்லுங்க. நிதானமா, மூணு தடவை."

"பூபதி பால் வண்டியை ஏத்தி என் தம்பி சஞ்சித்தைக் கொன்னுட்டான்."

என்னிடம் இருந்த வெறுப்பையெல்லாம் அதில் போட்டேன். மூன்றாவது தடவை சொல்லும்போது கண்ணில் நீர் வந்தது. திரையில் சிவப்பைத் தேடினேன்.

பச்சையாக இருந்தது.

"இன்னொரு தடவை பாருங்க. பட்டை லூசா இருக்கு."

"எல்லாம் சரியா இருக்குங்க. ரெண்டு கோடும் ஒண்ணாப் போகுது, பாருங்க. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், உங்களுக்கே தெரியும்." பட்டையைக் கழற்றியபடி மெதுவாகச் சொன்னாள்: "தம்பியப் பறிகொடுத்துட்டு இப்படி ஒரு மனசு வர்றது பெருசுங்க. எனக்கெல்லாம் வராது."

அவளை அறையலாம்போல் இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா தொலைக்காட்சி முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை வந்துருச்சு. சந்தோஷமா? ரெண்டு பேருக்கும் பச்சை. இனி என்ன, கூட்டிட்டு வந்து சஞ்சித் கட்டில்லயே படுக்க வை. அவன் சட்டையெல்லாம் அப்படியேதான இருக்குது, எடுத்துக் குடு."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். தொலைக்காட்சியை அணைத்தாள்.

"எனக்குச் செவப்பு கண்ணு."

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

"நெசமாத்தான். செவப்புன்னா அப்படியொரு செவப்பு. அங்க மெசின் பாக்கற புள்ள பயந்துபோயித் தண்ணி எடுத்துக் குடுத்தா."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் போற?"

"மொதல் தடவை போனது கேக்கறதுக்கு. என்ற புள்ள கடைசியா என்ன சொன்னான்னு. வண்டிய விட்டு எறங்கி அவன்தான மடியில தூக்கி வெச்சிருந்தான். அவனுக்கு மட்டுந்தான தெரியும்." அம்மா ஒரு வெங்காயத்தை எடுத்து மறுபடி கீழே போட்டாள். "போனேன். நாக்கப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கோணும்னு எல்லாம் நெனச்சு வெச்சிருந்தேன். பார்த்தா பசிச்ச மூஞ்சி. பசிச்சவனப் பாத்து எப்படித் திட்டறது? சரி, உண்டுட்டுக் கெடக்கட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்னு அடுத்த வாரம் சோறு கொண்டு போனேன். அவன் உண்டு முடிக்கறதுக்குள்ள நேரமாச்சுன்னு எழுப்பி உட்டர்றாங்க. இன்னி வரைக்கும் திட்ட முடியல."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அம்மா சிரிக்கவில்லை.

"சாமின்னு கூப்பிட்ட," என்றேன்.

"வாயில வந்துருச்சு. வந்ததும் நாக்குச் சுட்டுச்சு. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டதப் பாத்தேன்." கத்தியைத் தள்ளி வைத்தாள். "எனக்குக் கோவம் போகலைடி. போகும்னு உக்காந்துட்டிருந்தா எப்ப எந்திரிக்கறது? போகாமயேதான் போயிட்டு வர்றேன்."

நான் அப்போதுதான் அதைக் கேட்டேன். கருவியில் எங்கோ கோளாறு, என்னுடையதிலும் அவளுடையதிலும் தலைகீழாக வந்திருக்கிறது என்று நினைத்து, படித்ததை வைத்து வரிசையாக ஆரம்பித்தேன்.

"அமைதிக்கோட்டுக்கு யார் பேரைச் சொன்ன?"

"வேற யாரச் சொல்லுவேன்? உன்னத்தான். அந்தப் புள்ளகூடச் சொல்லுச்சு, கோடு குளத்துத் தண்ணி மாதிரி கெடக்குதுங்கன்னு. அதனாலதான் அவன் பேரச் சொன்னதும் மலையாட்டம் தெரியுதாம்." அம்மா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். "நீ யாரச் சொன்ன?"

"உன்னைத்தான்."

"அப்புறமென்ன," என்று எழுந்து உள்ளே போனாள்.

நான் செருப்போடு அங்கேயே உட்கார்ந்தேன். இரண்டு கோடும் ஒன்றாகப் போகிறது என்று அந்தப் பெண் காட்டினாளே, அது கண் முன்னால் வந்தது. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. வெறும் தட்டு என்று நான் வைத்தது வெறும் தட்டு இல்லை. அம்மா பெயரைச் சொன்னபோதே என் கோடு மேலே ஏறித்தான் இருந்திருக்கிறது. பூபதியின் பெயரைச் சொன்னபோதும் அதே உயரம். வித்தியாசம் இல்லை. அதனால் பச்சை.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நஸ்ரின் மேடத்திடம் போனேன். எனக்கு என்று சொல்லவில்லை. ஒருவருக்கு அமைதிக்கோடு தப்பாக விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"தெரிய வந்தா அந்தச் சோதனை செல்லாது. வீட்ல இன்னொருத்தர் முடிவு என்னவோ அதுதான் நிக்கும்."

"அவங்களுக்குச் சிவப்புன்னா?"

"கோப்பை மூடிருவாங்க." நிமிர்ந்து பார்த்தார். "யார் பேரைச் சொன்னே மிருதுளா?"

"அம்மா."

கம்பியைச் சுருட்டி முடித்துப் பெட்டியில் வைத்தார். "வேற யாரைச் சொல்லியிருந்தா சரியா விழுந்திருக்கும்னு நினைக்கறே?"

யோசித்தேன். திவாகர்: இல்லை. கடை முதலாளியின் மகள், என்னைவிடத் தாமதமாகச் சேர்ந்து எனக்கு முன்னால் கல்லா மேசைக்கு வந்துவிட்டவள்: இல்லை. சஞ்சித்? அவனைச் சொல்லும்போதே 'சாமி' என்று கேட்டது. நஸ்ரின் மேடம் எதிரிலேயே இருந்தார். திவாகரின் விரல்களை அவர் பாராட்டியது நினைவுக்கு வந்தது.

"யாரும் இல்லை மேடம்."

"ஒரு பூனை வளர்த்திருக்கலாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ என்கிட்ட ஒண்ணும் கேக்கலை, நான் ஒண்ணும் சொல்லலை. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. அங்க என்ன சொல்றதுங்கறது உன் இஷ்டம்," என்றார்.

விசாரணை பெரிய நீதிமன்றக் கூடத்தில் நடக்கவில்லை. மாடியில் ஒரு சின்ன அறை. நீதிபதி கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஓர் அம்மாள். அவருடைய எழுத்தர் ஒருவர். சுவரோரம் காவலருடன் பூபதி. அம்மாவும் நானும் அடுத்தடுத்த நாற்காலிகளில்.

"மகளுக்குப் பச்சை, தாய்க்குச் சிவப்பு," என்று திரையைப் பார்த்துச் சொன்னார் நீதிபதி. பூபதி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரியும். "வழக்கமா அம்மாக்களுக்குத்தான் சீக்கிரம் பச்சை வரும். சரி, மகள்கிட்ட முதல்ல கேக்கறேன். நீங்க மன்னிச்சுட்டதா தணிமானி சொல்லுது. சரிதானேம்மா?"

'சரிங்க' என்று சொன்னால் போதும். சோறு கொண்டு போகிற அம்மாவும் விடத்தான் சொல்வாள். அவன் வெளியே வந்துவிடுவான். நான் நல்ல மனசுக்காரி என்று எல்லா இடத்திலும் பதிவாகியிருக்கும். உண்மையைச் சொன்னால் கோப்பை மூடிவிடுவார்கள்; அதுவும் பக்கத்தில் அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும்.

"தப்புங்க மேடம்," என்றேன்.

"எது?"

"பச்சை. அமைதிக்கோட்டுக்கு நான் எங்கம்மா பேரைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"ஏன்?"

"எனக்கு எங்கம்மா மேல கோவம். இவன் மேல இருக்கற அளவுக்கே இருந்திருக்கு. அதனால வித்தியாசம் தெரியலை."

அம்மா திரும்பவில்லை. மடியில் இருந்த பையின் காதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"அம்மா மேல என்ன கோவம்?"

"இவனுக்குச் சோறு கொண்டு போறாங்க."

எழுத்தர் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் மாற்றிக்கொண்டார். நீதிபதி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா ரெண்டு பேருமே மன்னிக்கலை. கோப்பை மூடிரலாமா?"

"வேண்டாமுங்க," என்றாள் அம்மா. "விட்டுருங்க."

"மன்னிக்காம எப்படிம்மா விடச் சொல்றீங்க?"

"எனக்கு அது எப்ப முடியும்னு தெரியலீங்க. அது முடியற வரைக்கும் இவன் உள்ள கெடந்தா, நானும் அதப் பாத்துட்டேதானுங்க கெடக்கோணும். எனக்கு வேற வேலையும் இருக்குதுங்க." கொஞ்சம் தயங்கி, "பொண்ணு இருக்குதுங்க," என்றாள்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

பூபதியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை; அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அடிபட்ட மாதிரி. இத்தனை நாள் தனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் அந்தச் சோற்றை உண்டிருக்கிறான். அவனும் என்னைப்போலவே தப்பாகத்தான் கணக்குப் போட்டிருந்தான்.

நான் பேச வைத்திருந்தவை எதுவும் வரவில்லை. அவன் உள்ளே இருந்தால் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்குத்தான் போகும் என்ற நினைப்பும் வந்தது. அதனால்தான் சொன்னேனா, வேறு எதனாலோ சொன்னேனா என்று இன்று வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மன்னிக்கலைங்க," என்றேன். "ஆனா விட்டுருங்க."

நீதிபதி திரையைத் தன் பக்கத்திலிருந்து விலக்கித் திருப்பி வைத்தார்.

"இதே வார்த்தையை ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? மன்னிக்கலைங்கறதையும் சேர்த்து?"

"தர்றோமுங்க," என்றாள் அம்மா, கடையில் பையை நீட்டுவதுபோல.

எழுதிக் கொடுத்து, நீதிபதி விடுதலைக்குக் கையெழுத்திட்ட பிறகு வராந்தாவுக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். படியிறங்கும் இடத்தில் நின்று, திரும்பாமல் கேட்டாள்.

"எம்மேல அவ்வளவு கோவமாடி?"

"ஆமா."

"இருக்கட்டும்." புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்குதா?"

தலையசைத்தேன். கீழே கேன்டீனில் என்ன இருக்கிறது என்று பார்த்து வருவதாகப் போனாள்.

சிறையில் சில நடைமுறைகள் மிச்சம் இருந்தன. அதை முடித்து மறுநாள்தான் அவனை விடுவார்கள். காவலர் ஒரு கையெழுத்துக்காக உள்ளே போனபோது பூபதி வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஏனுங்க."

"என்ன?"

"நீங்க ரெண்டு பேரும் மன்னிக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் வெளிய வந்து என்ன பண்ணோணுமுங்க?"

"எனக்குத் தெரியாது."

"அம்மா ஒவ்வொரு வாரமும் ஒரே விஷயத்தத்தானுங்க கேப்பாங்க. அவரு என்ன சொன்னாருன்னு. சைக்கிள எடுத்து வெச்சுருங்கண்ணான்னு சொன்னாரு. அவ்வளவுதானுங்க சொன்னாரு. நானும் அதையேதான் சொல்லுவேன். திரும்ப மொதல்லருந்து கேப்பாங்க." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். "இனி அங்க வரமாட்டாங்க. நான் வீட்டுக்கு வந்து சொல்லலாமுங்களா? ஞாயித்துக்கெழம மட்டும். உக்காரக்கூட மாட்டேனுங்க."

சைக்கிள். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை. அம்மாவிடம் அது வாரம் தவறாமல் இருந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான், இவன் வாயால்.

அந்த வார்த்தை அவனிடம் இருப்பதற்காக எரிந்தது எனக்கு. அம்மாவிடம் இருப்பதற்காகவும் எரிந்தது. இரண்டும் ஒரே உயரம்தான். படிக்குக் கீழே அம்மா கையில் இரண்டு பொட்டலங்களோடு வந்துகொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு அவசரமாக என் பக்கம் திரும்பினான்.

"வரலாமுங்களா?"

"வா," என்றேன். "ஆனா நான் வீட்ல இருக்கறப்ப மட்டும் வா."